இணக்க உறுதியுரையும் அதன் செல்லுபடியும்

கொழும்பு ஏற்றுமதி அலுவலகங்களில் கொள்கலன் துறைமுகத்துக்குப் புறப்படும் முன் தேடப்படும் தாள்களில் ஒன்று ‘டிக்ளரேஷன் ஒஃப் கொன்ஃபோர்மிட்டி’. பேச்சில் டிஓசி. தமிழில் எழுத வேண்டி வந்தால் பலர் ‘இணக்கச் சான்றிதழ்’ என்று எழுதிவிடுகிறார்கள். வர்த்தக ஆவணங்களை மொழிபெயர்த்தே பிழைப்பவன் நான். அந்தச் சொல்லைக் கண்ட இடத்திலெல்லாம் அடித்துத் திருத்துகிறேன். அது பேசுபவரையே மாற்றிவிடுகிறது.

சான்றிதழ் வெளியார் ஒருவர் தருவது. பொருளைச் செய்தவரும் வாங்குபவரும் அல்லாத மூன்றாம் தரப்பு சோதித்துப் பார்த்துக் கொடுக்கும் தாள் அது. டிஓசியில் பேசுபவர் பொருளைச் செய்தவரே. “இந்தப் பொருள் இன்ன நியமத்துக்கு (ஸ்டாண்டர்டுக்கு) இணங்குகிறது, அதற்கு நானே பொறுப்பு” என்று இடமும் திகதியும் இட்டுக் கையெழுத்து வைக்கிறார். நமது ஊர் வழக்கில் சத்தியக்கடதாசிக்கு இது கிட்ட வரும், ஆனால் சமாதான நீதவான் முன்னால் போய் நிற்க வேண்டியதில்லை.

‘கொன்ஃபோர்மிட்டி’ லத்தீனிலிருந்து வந்த சொல். ‘கொன்’ என்றால் கூட. ‘ஃபோர்மா’ என்றால் வடிவம், வார்ப்பு அச்சு. ஒரே அச்சில் பொருந்தி நிற்பது என்பது வேர்ப்பொருள். இந்தக் கருத்து தமிழுக்குப் புதிதன்று. கொழும்பு எல்விட்டிகல மாவத்தையில் இருக்கும், பொருள்களுக்குத் தரநியமம் வகுக்கும் நிறுவனத்தின் பெயர்ப் பலகையைப் பாருங்கள்: இலங்கைக் கட்டளைகள் நிறுவனம். தமிழகத்திலிருந்து வருபவர்கள் இதை ‘ஆணைகள் நிறுவனம்’ என்று வாசித்துத் திகைப்பார்கள். கட்டளை என்பதற்கு அளவு, உரைகல், வார்க்கும் அச்சு என்ற பழைய பொருள்கள் உண்டு. “தத்தம் கருமமே கட்டளைக் கல்” என்கிறது 505ஆம் குறள். அங்கே கட்டளைக் கல் என்பது பொன்னை உரைத்துப் பார்க்கும் கல். எஸ்எல்எஸ் என்ற தர முத்திரை தரும் நிறுவனத்துக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ப் பெயர் கிடைத்திருக்காது. அன்றாட எழுத்தில் நியமம், தரநியமம் என்று எழுதினாலும் குற்றமில்லை.

‘இணக்கம்’ நல்ல தெரிவு, அதை மாற்ற வேண்டாம். “இணக்கம் அறிந்து இணங்கு” என்று ஆத்திசூடியில் படித்த சொல்தான். இணக்கத்துக்கு எப்போதும் இருவர் வேண்டும். இங்கே ஒருவர் பொருள், மற்றவர் நியமம். இருவரில் எவர் நகர்ந்தாலும் இணக்கம் குலையும். தாளின் ஆயுளைப் பற்றிய முழுக் கணக்கும் இந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது.

‘டிக்ளரேஷன்’ என்பதற்குப் பிரகடனம் என்று எழுதுவது இலங்கை வழக்கு. யுத்தப் பிரகடனம், அவசரகால நிலைப் பிரகடனம் என்று கேட்டுப் பழகிய காதுக்கு அதில் முரசொலிதான் முன்னால் வருகிறது, சொல்பவரின் பொறுப்பு பின்னால் போய்விடுகிறது. ஆகவே நான் ‘இணக்க உறுதியுரை’ என்று எழுதுகிறேன். உரைப்பவர் யார் என்ற கேள்வி அந்தச் சொல்லோடு கூடவே வரும்.

அடுத்தது ‘வலிடிட்டி’. லத்தீனில் அதன் வேர் வலிமை. தமிழ் வேறு வழியில் போயிற்று: செல்லுபடி. காசு கைமாறிச் செல்கிறதா என்பதுதான் கேள்வி. செல்லாக் காசு என்கிறோம் அல்லவா? உறுதியுரையில் பெரும்பாலும் முடிவுத் திகதி இராது. அதைச் சான்றிதழ் என்று அழைத்துப் பழகியவர்கள் முடிவுத் திகதியைத் தேடுவார்கள், காணாதபோது என்றைக்கும் செல்லும் என்று கோப்பில் போட்டுவிடுவார்கள். விபத்து நடப்பது அங்கேதான்.

ஒருமுறை இறப்பர் கையுறை ஏற்றுமதி செய்யும் ஓர் இடத்தில் அப்படியொரு தாளை என் கையில் தந்தார்கள். பிளாஸ்டிக் உறைக்குள் மடிப்புக் கலையாமல் இருந்தது. அதில் உடலைக் காக்க அணியும் பொருள்களுக்கான ஐரோப்பிய நெறிமுறை 89/686 என்று இருந்தது. அதன் இடத்தை 2018 ஏப்ரல் 21 முதல் 2016/425 என்ற ஒழுங்குவிதி பிடித்துவிட்டது. பழைய நெறிமுறையின் கீழ், மாதிரியை மூன்றாம் தரப்பு சோதித்துத் தந்த வகைப் பரிசோதனைச் சான்றிதழ்கள்கூட 2023 ஏப்ரல் 21உடன் முடிந்துபோயின. அடுத்த வரியில் ஈஎன் 388, பதிப்பு 2003. கையுறைப் பெட்டியில் சுத்தியல் படம் போட்ட கேடயத்தின் கீழே நான்கு இலக்கங்கள் இருக்குமே, உராய்வு, வெட்டு, கிழிவு, துளைப்பு என்று, அந்த நியமம்தான். 2016 பதிப்பு வேறொரு வெட்டுச் சோதனையைச் சேர்த்தது. கையுறை பின்னும் சில நூலிழைகள் பழைய சோதனையின் கத்தியையே மழுங்கச் செய்துவிடுவதால் கிடைக்கும் இலக்கத்தை நம்ப முடியவில்லை என்பது காரணம். அதன் முடிவு ஏ முதல் எஃப் வரை ஓர் எழுத்தாக இலக்கங்களின் பின்னால் வரும். பெட்டியில் அந்த எழுத்து அச்சாகியிருந்தது. உறுதியுரையிலோ இன்னும் 2003. பெட்டி ஒன்று சொன்னது, கையெழுத்து வேறொன்று சொன்னது. கையுறையில் ஒரு குறையும் இல்லை. ஒரு நூல்கூட மாறவில்லை. நகர்ந்தது நியமம். அந்தக் கையுறையை நம்பித் தகரத்தை வெட்டப் போகும் தொழிலாளியை நினைத்தபோது எனக்கு வருத்தமாகவே இருந்தது.

2016/425 உறுதியுரையைத் தொடர்ந்து புதுப்பிக்கச் சொல்கிறது. எந்த நாட்டுச் சந்தைக்கும் பொதுவான ஐஎஸ்ஓ/ஐஈசி 17050-1 நியமம் ‘தொடர் செல்லுபடி’ என்று ஒரு தனிப் பிரிவே வைத்திருக்கிறது. பொருளின் வடிவமைப்பையோ விவரக்குறிப்பையோ கணிசமாகப் பாதிக்கும் மாற்றம் வந்தால் மீண்டும் மதிப்பிட வேண்டும். நியமம் மாறினாலும் அப்படியே. வழங்கியவரின் உடைமையோ நிர்வாக அமைப்போ மாறினால், அது பொருளைத் தொடுமாயின், அப்போதும். பொருள் இனி இணங்காமல் இருக்கலாம் என்று காட்டும் தகவல் வந்தால் கட்டாயம். கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் நழுவுகிறது. வாங்குபவரின் முறைப்பாடு விற்பனைப் பிரிவின் மேசையில் கிடக்கும். உறுதியுரைக் கோப்பு தரப் பிரிவின் அலுமாரியில் இருக்கும். இரண்டையும் ஒரே நாளில் எடுத்துப் பார்க்க எவருக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இங்கே ‘புதுப்பித்தல்’ என்ற சொல்லையும் கவனமாக ஆள வேண்டும். வாகன அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிப்பதுபோலத் திகதியை மட்டும் மாற்றி அச்சடிப்பது இதன் பொருளாகாது. பொருளையும் நியமத்தையும் மறுபடி பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே கையெழுத்து வர வேண்டும். ஆகவே ‘மீளுறுதி’ என்று எழுதிவருகிறேன். இரண்டு ஏற்றுமதி அலுவலகங்களின் உள் படிவங்களில் அது இடம்பிடித்தும் விட்டது.

மீளுறுதி செய்ததும் பழைய தாளைக் கிழித்துவிடக் கூடாது. கையுறை சந்தைக்கு வந்த பிறகு 10 ஆண்டுகள் அதை வைத்திருக்கச் சொல்கிறது ஒழுங்குவிதி. அந்தத் தாளை நம்பி விற்ற கையுறை இன்னும் யாரோ ஒருவரின் கையில் இருக்கலாம்.