டைஎலக்ட்ரிக் எலாஸ்டோமர் ஆக்சுவேட்டர்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

மின்னழுத்தம் கொடுத்தால் விரிகிற, எடுத்தால் பழையபடி சுருங்குகிற ரப்பர் படலத்துக்குத்தான் இத்தனை நீளப் பெயர். மோட்டார் கிடையாது, பல்சக்கரம் கிடையாது. மெல்லிய படலம், இரண்டு பக்கமும் கரிப்பூச்சு, அவ்வளவுதான். பள்ளியில் படித்த மின்தேக்கியேதான் இது, என்ன, நடுவில் இருப்பது நெகிழும். சில ஆயிரம் வோல்ட் ஏறியதும் இரண்டு பூச்சுகளும் ஒன்றையொன்று இழுக்க, இடையில் மாட்டிய ரப்பர் சப்பாத்தி மாவு மாதிரி நசுங்கிப் பக்கவாட்டில் பரவும்.

டைஎலக்ட்ரிக் என்பது விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேவுக்காக ஆங்கிலேய அறிஞர் வில்லியம் ஹியூவெல் 1830களில் உருவாக்கிக் கொடுத்த சொல். 'டியா' என்றால் கிரேக்கத்தில் ஊடாக. மின்னோட்டம் போகாது, ஆனால் மின்புலம் ஊடுருவும் என்பதுதான் விஷயம். நம் மின்காப்பு, மின்கடத்தாப் பொருள் இரண்டுமே 'போகாது' என்ற பாதியை மட்டும் சொல்கின்றன. பரவாயில்லை, மின்காப்பு பழகிவிட்டது, அதுவே இருக்கட்டும்.

எலாஸ்டோமர்? எலாஸ்டிக்கோடு பாலிமரின் வாலை ஒட்டியது. அந்த வால் 'மெரோஸ்', அதாவது பகுதி. பாலிமருக்கு இலங்கைப் பாடநூல்கள் சொல்லும் 'பல்பகுதியம்' இதை அப்படியே பிடித்திருக்கிறது. எலாஸ்டோமருக்கு 'மீள்மம்' போதும், சின்னதாக, வாயில் நுழைகிறது.

தகராறு ஆக்சுவேட்டரில்தான், அதாவது கொடுத்த ஆற்றலை அசைவாக மாற்றும் கருவி. 'செய், செலுத்து' என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்தது. வழக்கமாக 'இயக்கி' என்று எழுதிவிடுகிறார்கள், ஆனால் இதற்கு மின்னழுத்தம் தரும் டிரைவர் சுற்றுக்கும் அதே பெயர் என்பதால், செய்முறை எழுத உட்கார்ந்தால் 'இயக்கியை இயக்கியோடு இணைக்கவும்' என்று வந்து நிற்கும். என் ஓட்டு 'அசைப்பி'க்கு.

பெயர் புதிது, சங்கதி பழசு. எக்ஸ் கதிரைக் கண்டுபிடிப்பதற்கு 15 வருடம் முன்பே, 1880இல், ரான்ட்கன் ஒரு ரப்பர் பட்டைக்கு மின்னூட்டம் ஏற்றி அது நீள்வதைப் பார்த்திருந்தார். அப்புறம் 2000இல்தான் அமெரிக்காவின் எஸ்ஆர்ஐ ஆய்வு நிறுவனத்தினர், முன்கூட்டியே இழுத்துக் கட்டிய படலம் 100 சதவீதத்துக்கு மேல் விரிவதைக் காட்டினார்கள். அவர்கள் கையாண்ட அக்ரிலிக் வகையைச் சேர்ந்த 3எம் விஎச்பி 4910 ஒட்டுநாடா இன்றும் ஆய்வகங்களில் புழங்குகிறது. 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள அதை நீளத்திலும் அகலத்திலும் நான்கு மடங்கு இழுத்துச் சட்டத்தில் ஒட்டினால் தடிமன் பதினாறில் ஒரு பங்காக, சுமார் 60 மைக்ரான் ஆகிவிடும். அதன் மேல் 5,000 வோல்ட் என்றால் கிட்டத்தட்ட இரண்டரை வளிமண்டல அழுத்தத்தில் நசுக்குகிற மாதிரி. கார்பன் கிரீஸைத் தூரிகையால் இருபுறமும் வட்டமாகப் பூச வேண்டும், விளிம்புவரை இழுத்துவிடக் கூடாது, மின்பொறி ஓரத்தைச் சுற்றித் தாவிவிடும். ஒரு தூசி உட்கார்ந்திருந்தாலும் அந்த இடத்தில் ஊசித்துளை விழுந்து படலம் கிழியும். மின்னோட்டம் கொஞ்சம்தானே என்று அலட்சியமாகவும் கை வைக்காதீர்கள், அணைத்த பிறகும் மின்னூட்டம் மிச்சமிருக்கும்.

கட்டுரையில் முதல் தடவை 'மின்காப்பு மீள்ம அசைப்பி' என்று முழுசாக எழுதிவிட்டு, மேற்கொண்டு 'மீள்ம அசைப்பி' என்று போகலாம். இதற்கு வழங்கும் இன்னொரு பெயரான 'செயற்கைத் தசை' தலைப்புக்கு எடுப்பாக இருக்கும்தான், ஆனால் காற்றடைத்து இயங்குபவையும் சூடேற்றினால் சுருங்கும் உலோகக் கம்பிகளும் அதே பெயரில் உலவுவதால் எதைச் சொல்கிறோம் என்று இன்னொரு வரி சேர்க்க வேண்டிவரும்.