பாம்பின் தோலில் பிரச்சினையா? முதலில் பெட்டியைப் பாருங்கள்

செல்லப் பாம்பு வளர்ப்பவர்கள் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்களில் பெரும்பாலானவை தோலைப் பற்றியவைதான். உரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் சட்டை, வயிற்றில் சிவப்பு, செதில் ஓரத்தில் கறுப்புப் புள்ளி. "டாக்டர், என்ன மருந்து போடலாம்?" என்று கேட்பார்கள். பாம்பு இருக்கும் பெட்டியைப் படமெடுத்து அனுப்பச் சொல்வேன். அடியில் என்ன விரித்திருக்கிறீர்கள், தண்ணீர்க் கிண்ணம் எவ்வளவு பெரிது, வெப்பம் எத்தனை டிகிரி, ஈரப்பதம் எவ்வளவு, அறையில் ஏசி ஓடுகிறதா? இதற்கெல்லாம் பதில் வந்துவிட்டால் பல நேரம் நோயும் பிடிபட்டுவிடும். பாம்புக்குத் தோல் கெடுவது பெரும்பாலும் அது இருக்கும் இடம் சரியில்லாததால்தான். இடத்தைச் சரிசெய்யாமல் களிம்பு மட்டும் தடவிக்கொண்டிருந்தால் அடுத்த மாதமும் அதே படம் வரும்.

சென்னையில் நான் அதிகம் பார்ப்பது பால் பைத்தான் (Ball Python) என்ற மலைப்பாம்பு வகை. கானா, டோகோ, பெனின் என்று மேற்கு ஆப்பிரிக்கப் பகுதியைச் சேர்ந்தது. அங்கே எலி வளையிலும் கறையான் புற்றிலும் பகலைக் கழித்துவிட்டு இரவில் வெளியே வரும். அதன் பெட்டியில் ஒரு பக்கம் 31, 32 டிகிரி, மறுபக்கம் 26 டிகிரி வாக்கில் இருக்க வேண்டும். ஈரப்பதம் 60 சதவீதம், சட்டை உரிக்கும் சமயத்தில் 70 வரை போகலாம். அடுத்தபடியாக வருவது கார்ன் ஸ்னேக். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிப் பாம்பு. அதற்கு இதைவிடச் சற்றுக் குறைந்த வெப்பமும் ஈரமும் போதும்.

"சென்னைக் காற்றில் இல்லாத ஈரமா? அப்புறம் எப்படிச் சட்டை உரியாமல் போகும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் பெட்டி இருப்பது படுக்கையறையில். கத்திரி வெயிலில் இரவெல்லாம் ஏசி ஓடுகிறது. ஏசி காற்றைக் குளிர்விப்பதோடு அதிலுள்ள ஈரத்தையும் இழுத்துவிடுகிறது. பெட்டிக்கு மேலே கம்பிவலை மூடி இருந்தால் உள்ளே இருக்கும் கொஞ்சநஞ்ச ஈரமும் போய்விடும். அதே வீட்டில் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் நிலைமை தலைகீழ். ஏசி நின்றுவிடும், தரையே வியர்க்கும், பெட்டியில் போட்ட தேங்காய் நார்த்தூள் ஒரு வாரமானாலும் காயாது. கோடையில் உரியாத சட்டையும் மழையில் வயிற்றுப் புண்ணும் வருவதற்குக் காரணம் இதுதான். குளிர்நாட்டுக்காரர்கள் போடும் வீடியோவைப் பார்த்து அப்படியே பெட்டி அமைத்தால் நம் ஊருக்குச் சரிப்படாது. ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை வாங்கிப் பெட்டிக்கு உள்ளே வையுங்கள். அறைச் சுவரில் மாட்டினால் பயனில்லை.

சட்டை உரிப்பதில் எது இயல்பு என்று தெரிந்துகொண்டால் பாதிக் கவலை தீரும். முதலில் நிறம் மங்கும். பால் பைத்தானுக்கு வயிறு லேசாக இளஞ்சிவப்பாகும். இதைப் பார்த்துவிட்டு நோய் என்று பதறி ஓடிவருகிறவர்கள் நிறைய. பிறகு கண் பால் கலந்த நீலமாகிவிடும். பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் நடுவே திரவம் ஊறுவதால் வரும் மாற்றம் இது. அந்த நாட்களில் பாம்புக்குப் பார்வை சரியாகத் தெரியாது, சாப்பிடாது, சீறவும் செய்யும். கையில் எடுக்காதீர்கள். பிறகு கண் தெளிந்து, சில நாட்கள் கழித்துச் சட்டை கழலும். தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒன்றிரண்டு வாரம் ஆகும். ஆரோக்கியமான பாம்பு மூக்கு நுனியில் தொடங்கி வால் நுனி வரை, காலுறையைக் கழற்றுவதுபோல், உள்பக்கம் வெளியே வர ஒரே துண்டாக உரித்துவிடும்.

உரிந்த சட்டையைத் தூக்கி எறியாதீர்கள். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தலைப் பகுதியில் கண் இருந்த இடங்களில் இரண்டு தெளிவான சின்னக் குமிழ்கள் தெரிய வேண்டும். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற செதிலும் ஒவ்வொரு முறையும் உரியும். குமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை இருந்தால் அந்தக் கண்செதில் கண்ணிலேயே தங்கிவிட்டது என்று பொருள். அப்படியே வால் நுனியையும் பாருங்கள். நுனி மூடி, கூம்பாக முழுதாக வந்திருக்க வேண்டும்.

துண்டு துண்டாக உரிந்திருந்தால் முதல் வேலை ஈரம். மூடியில் காற்றுத் துளை போட்ட ஒரு டப்பாவில், பாம்பின் உடல் பாதி நனையும் அளவுக்கு, 28 முதல் 30 டிகிரி வெதுவெதுப்பில் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். பக்கத்திலேயே இருங்கள். களைத்த பாம்பு தண்ணீரில் மூழ்கிவிடலாம். பிறகு ஈரமான பூத்துவாலையின் மடிப்புகளுக்குள் நுழைந்து வரவிடுங்கள். உரசலில் தானாக வரும். வராத இடத்தில் நகத்தால் பிய்க்காதீர்கள். அடியில் இருக்கும் புதிய தோல் மெல்லியது, அதோடு சேர்ந்து கிழியும்.

கண்செதிலைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். செலோடேப் ஒட்டி இழுப்பது, ட்வீசரால் கிள்ளி எடுப்பது என்று இணையத்தில் காட்டுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பழைய செதிலோடு அடியில் இருக்கும் உயிருள்ள செதிலும் பெயர்ந்து வந்தால் கண்ணே போய்விடும். ஈரத்தைக் கூட்டிவிட்டு அடுத்த உரிப்பு வரை காத்திருந்தால் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்து வந்துவிடும். இரண்டு முறை கடந்தும் வராவிட்டால், அல்லது கண் வீங்கினால், மருத்துவரிடம் வாருங்கள். கண்செதிலுக்கு அடியில் சீழ் கட்டியிருக்கலாம், வாய்க்குள்ளிருந்து தொற்று ஏறியிருக்கலாம்.

வாலுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. பழைய சட்டை வால் நுனியில் வளையமாகத் தங்கும். பார்த்தால் ஒன்றும் தெரியாது, விரலால் தடவினால் ஒரு வரம்பு தட்டுப்படும். பாம்பு வளர வளர அந்த வளையம் இறுகி இரத்த ஓட்டத்தை நிறுத்தும். நுனி கறுத்து, காய்ந்து, கடைசியில் வெட்ட வேண்டியதாகிவிடும். ஊறவைத்து, ஈரப் பஞ்சால் மெல்ல உருட்டி எடுத்திருந்தால் முடிந்திருக்கும் வேலை.

இப்போது மழைக்கால நோய். வயிற்றுச் செதில்களின் ஓரத்தில் பழுப்பு அல்லது சிவப்பு நிறம் ஏறும். பிறகு தெளிந்த நீர் கோத்த சின்னக் கொப்புளங்கள். அவை உடைந்தால் புண். ஈரமான, அழுக்கான படுக்கையில் நாள் முழுக்கக் கிடப்பதால் தோல் ஊறிப்போய், ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் மாதிரியான பாக்டீரியாக்கள் உள்ளே புகுகின்றன. ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டால் வீட்டிலேயே நிறையச் செய்யலாம். நார்த்தூளை முழுக்க அகற்றி வெறும் டிஷ்யூ பேப்பர் விரியுங்கள். நனைந்தவுடன் மாற்றுங்கள். கிண்ணத்தைச் சிறிதாக்குங்கள். போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியை வெளிர் டீ நிறம் வரும்வரை தண்ணீரில் கலந்து, பஞ்சில் தோய்த்து ஒற்றி, ஐந்து நிமிடம் விட்டு, நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். வெப்பத்தைக் குறையவிடக் கூடாது. பாம்பின் எதிர்ப்புச் சக்தி வெளி வெப்பத்தை நம்பித்தான் இருக்கிறது. குளிர்ந்த பாம்புக்கு எந்த மருந்தும் ஒழுங்காக வேலை செய்யாது.

சிவப்பு பரவினாலோ, செதில்களுக்கு அடியில் இரத்தப் புள்ளிகள் தெரிந்தாலோ, பாம்பு தொளதொளவென்று கிடந்தாலோ, தொற்று இரத்தத்தில் கலந்திருக்கலாம். அன்றே வந்துவிடுங்கள். அதற்கு ஊசி மருந்துதான் வழி. ஊர்வனவற்றின் உடலிலிருந்து மருந்து மெதுவாகத்தான் வெளியேறும். செஃப்டாசிடைம் போன்ற ஆன்டிபயாடிக் மருந்தை 72 மணி நேரத்துக்கு ஒருமுறை போட்டால் போதும். நாய்க்குக் கொடுக்கும் கணக்கில் தினமும் ஏற்றினால் மருந்தே ஆபத்தாகும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

புண்ணில் மஞ்சள் பூசி, தேங்காய் எண்ணெயோ வேப்பெண்ணெயோ தடவிக் கொண்டுவருகிறார்கள். அன்பால்தான் செய்கிறார்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் மஞ்சள் பூசிய தோலில் சிவப்பு எது, பழுப்பு எது என்று எனக்கே தெரியாது. எண்ணெய் ஈரத்தையும் அழுக்கையும் செதிலிடுக்கில் பிடித்துவைத்து, கிருமிக்கு வசதி செய்துகொடுக்கிறது.

பாம்பு பகலெல்லாம் தண்ணீர்க் கிண்ணத்திலேயே சுருண்டு கிடந்தால் "குளிக்கிறது, அழகாக இருக்கிறது" என்று படம் எடுக்காதீர்கள். முதலில் கிண்ணத்தின் அடியைப் பாருங்கள். கறுப்புத் தூள் படிந்திருந்தால் அது மைட் என்னும் மிகச் சிறிய ஒட்டுண்ணி. செத்து மூழ்கியவை. வெள்ளை டிஷ்யூ பேப்பரை நனைத்துத் தாடைக்கு அடியில் இருக்கும் மடிப்பில் ஒற்றி எடுங்கள். அடுத்து கண்ணைச் சுற்றியிருக்கும் பள்ளம். பேப்பரில் ஒட்டிய கறுப்புப் புள்ளி நகர்ந்தால் சந்தேகமே வேண்டாம். பெரியது 1 மில்லிமீட்டர் சொச்சம்தான் இருக்கும். செதில் மேல் சாம்பல் தூவினாற்போல் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது அவற்றின் எச்சம்.

இதில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மைட் பாம்பின் மேல் இரத்தம் குடிக்கிறது, முட்டையிடுவதோ பெட்டியின் மூலையில், மரத்துண்டின் வெடிப்பில், மூடியின் விளிம்பில். முட்டையிலிருந்து வளர்ந்த மைட் ஆக இரண்டு, மூன்று வாரம். நம் ஊர் வெப்பத்தில் இன்னும் சீக்கிரம். பாம்பை மட்டும் சுத்தம் செய்தால் பத்து நாளில் அடுத்த தலைமுறை ஏறிவிடும். மரம், பட்டை, நார்த்தூள் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வெளியே போடுங்கள். பெட்டியைக் கொதிநீரும் சோப்பும் போட்டுத் தேயுங்கள், இடுக்குகளைப் பிரஷ்ஷால். ஒரு மாதத்துக்கு மேல் டிஷ்யூ பேப்பர் மட்டும் போதும். பாம்புக்கான மருந்தை மருத்துவர் எடை பார்த்துத் தரட்டும். நாய்க்கு அடிக்கும் உண்ணி ஸ்ப்ரேயைப் பாம்பின் மேல் நேராக அடித்து, நரம்பு பாதித்து, தலை சுழன்றுகொண்டிருக்கும் நிலையில் கொண்டுவந்தவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று, அதே வீட்டில் ஆமையும் இருந்தால்: மைட்டுக்காகப் பாம்புக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் என்ற மருந்து ஆமையைக் கொன்றுவிடும். ஒரு சொட்டுகூட அந்தப் பக்கம் போகக் கூடாது.

மைட் இரத்தம் குடிப்பதோடு விடுவதில்லை, ஒரு பாம்பின் கிருமியை இன்னொன்றுக்குக் கடத்தும். புதிதாக வாங்கிய பாம்பைக் குறைந்தது 60 நாள், முடிந்தால் 90 நாள், வேறு அறையில் வையுங்கள். பழைய பாம்பைக் கவனித்துவிட்டுக் கடைசியில் புதியதைத் தொடுங்கள்.

பெட்டியைச் சூடாக்க வைக்கும் வெப்பத் தகட்டால் வரும் தீக்காயமும் வயிற்றில்தான் தெரியும், அதனால் ஈரப் புண்ணோடு குழப்பிக்கொள்வார்கள். தகடு இருக்கும் இடத்தில் படுக்கும் பகுதியில் மட்டும், திடீரென்று வந்தால் தீக்காயம் என்று சந்தேகப்படலாம். வயிற்றுக்குக் கீழே சுட்டாலும் பாம்பு பல நேரம் விலகாது. வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாத தகட்டைப் பயன்படுத்தவே கூடாது. சென்னையில் ஏசி இல்லாத அறைக்குப் பல மாதங்கள் தகடே தேவைப்படாது என்பது என் அபிப்பிராயம். மே மாத மதியத்தில் மூடிய அறையே பாம்புக்கு எமன்.

உயிருள்ள எலியைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். பசியில்லாத பாம்பை எலி கடித்துக் குதறும். பாம்பின் சீழ் நீராக ஒழுகாது, கெட்டியாகத் திரண்டு கட்டியாக உட்கார்ந்துகொள்ளும். பிதுக்கினால் வராது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். உறையவைத்த எலியை வெதுவெதுப்பாக்கிக் கொடுத்துப் பழக்குங்கள். முகத்திலும் கழுத்திலும் மஞ்சள் பொருக்கு தட்டி, கீழே வீங்கி, எந்த மருந்துக்கும் அடங்காமல் இருந்தால் பூஞ்சையாக இருக்கலாம். அதைக் கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. தோலில் ஒரு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

பாம்பை மருத்துவரிடம் கொண்டுவரப் பலர் தயங்குவதற்கு இன்னொரு காரணம் சட்டம். சாரை, நல்லபாம்பு, மண்ணுளி, மலைப்பாம்பு என்று நம் ஊர்ப் பாம்புகளை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அடிபட்ட பாம்பைப் பார்த்தால் வனத்துறையிடம் சொல்லுங்கள். பால் பைத்தான், காட்டுயிர்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் இருக்கும் உயிரினம். அப்படிப்பட்டவற்றை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்று 2024-ல் விதி வந்துவிட்டது. ரசீது இல்லாமல், எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் விற்கிறவர்களிடம் வாங்காதீர்கள். காட்டில் பிடித்துக் கடத்தி வரும் பாம்புகள் செதிலுக்கு அடியில் உண்ணிகளோடும், வழியிலேயே வற்றிய உடலோடும் வருகின்றன. ஏற்கெனவே கையில் இருந்தால், காகிதம் சரியில்லையே என்று பயந்து புண்ணை முற்றவிடாதீர்கள். வலி பாம்புக்குத்தான்.

வரும்போது பாம்பைத் தலையணை உறையில் விட்டு, உறையின் வாயை முடிச்சுப் போட்டு, காற்றுத் துளையுள்ள டப்பாவில் வைத்துக் கொண்டுவாருங்கள். மதிய வெயிலில் பைக்கில் வேண்டாம். கடைசியாக உரிந்த சட்டை ஒரு கவரில், பெட்டியின் படம் போனில், கடைசியாக எப்போது சாப்பிட்டது என்ற தேதி. அன்று வீட்டிலிருந்து கிளம்பும்போது மீட்டரில் என்ன எண் காட்டியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தை இருந்தால் அதையும் சொல்லுங்கள். பாம்பின் குடலில் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி சாதாரணமாக இருக்கும், கை கழுவுவதிலிருந்து பெட்டியை எங்கே கழுவுவது என்பது வரை தனியாகப் பேச வேண்டியிருக்கும். சமையலறைத் தொட்டி மட்டும் கூடவே கூடாது.