கிளை பிரியாமல் செயலி மாறும் குறிப்புகள்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் போகும்போது, அந்தப் பாதையைப் பற்றிய கட்டுரைக்குப் போனிலேயே குறிப்பு எடுத்தேன். மேலே தலைப்பு, அதன் கீழ் இரண்டு பகுதிகள். குன்னூருக்கு 1899இலும் ஊட்டிக்கு 1908இலும்தான் ரயில் வந்தது என்பதால் அப்படிப் பிரித்தேன். ஒவ்வொரு பகுதிக்குக் கீழும் நிலையங்கள்.

ராத்திரி அதைக் காப்பி செய்து லேப்டாப்பில் வேறொரு செயலியில் பேஸ்ட் செய்தால், தலைப்பும் கல்லாறு, லவ்டேல் போன்ற நிலையங்களும் ஒரே மட்டத்தில் வரிசையாக நிற்கின்றன. ஓர் எழுத்துகூடக் குறையவில்லை. எது எதற்குக் கீழே என்பது மட்டும் காணாமல் போயிருந்தது.

காரணம் எளிது. இந்த வரி அந்த வரிக்குக் கீழே என்ற உறவைப் பல செயலிகள் எழுத்துக்குள் வைப்பதில்லை. தங்கள் சொந்தக் கணக்கில் தனியாக வைக்கின்றன. இன்னொரு செயலிக்கு அந்தக் கணக்கு புரியாது. வெறும் எழுத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

அப்படியானால் உறவையும் எழுத்தாகவே எழுதிவிட்டால்? வெறும் எழுத்திலேயே தலைப்பு, பட்டியல் போன்றவற்றைக் குறிக்க 2004இல் ஜான் குரூபர் வெளியிட்ட மார்க்டவுன் முறையில் இதற்கு ஹாஷ் (#) குறி இருக்கிறது:

# நீலகிரி மலை ரயில்
## குன்னூர் வரை
### கல்லாறு
### ஹில்குரோவ்
## ஊட்டி வரை
### லவ்டேல்

இதைப் படிக்கும் செயலி மேலிருந்து ஒவ்வொரு வரியாக ஹாஷ்களை எண்ணுகிறது. ‘ஊட்டி வரை’ வந்ததும், எண்ணிக்கை இரண்டு. இது எந்த வரிக்குக் கீழே, அதாவது இதன் தாய் யார்? மேலே திரும்பிப் பார்க்கிறது. ஹில்குரோவுக்கு மூன்று, ஆகாது. கல்லாறுக்கும் மூன்று. ‘குன்னூர் வரை’க்கு இரண்டு, அது உடன்பிறப்பு. அதற்கும் மேலே ஒரே ஹாஷோடு தலைப்பு, அதுதான் தாய். தன்னைவிடக் குறைந்த ஹாஷ் உள்ள, மேலே மிக அருகிலிருக்கும் வரியே தாய். இந்த ஒரு விதியிலேயே மரம் முழுக்க மறுபடி எழுந்துவிடுகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது, செயலியே இல்லாவிட்டாலும் மனிதக் கண்ணுக்கும் அது புரிகிறது என்பது.

செலவும் குறைவு. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ‘கல்லாறு’ என்ற சொல்லுக்கு 21 பைட். அதன் இடத்தைச் சொல்லும் மூன்று ஹாஷுக்கு மூன்றே பைட்.

சில இடங்களில் கவனம் வேண்டும். ஹாஷுக்கும் சொல்லுக்கும் நடுவே ஓர் இடைவெளி விடாவிட்டால் பல செயலிகள் அதைத் தலைப்பாக ஏற்பதில்லை. ஆறு ஹாஷுக்கு மேல் மட்டம் கிடையாது. அதற்கும் ஆழமாகப் போகிறவர்கள் ஹைஃபன் போட்டு, உள்தள்ளிப் பட்டியலாக எழுதலாம். அப்போது டேப், ஸ்பேஸ் இரண்டையும் கலக்காதீர்கள். கண்ணுக்கு இரண்டும் ஒரே வெற்றிடம்தான், கணினிக்கு டேப் என்பது எண் 9, ஸ்பேஸ் என்பது எண் 32. பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்த கோப்பு என்றால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஹாஷ் பத்திரமாகப் போய்ச் சேரும், தமிழ் குழம்பிவிடும்.

ஹாஷ் போட்டுக்கொண்டிருக்கப் பொறுமை இல்லாதவர்கள், செயலியின் ஏற்றுமதிப் பட்டியலில் மார்க்டவுன் அல்லது ஓபிஎம்எல் (மட்டங்களோடு குறிப்புகளைச் சேமிக்கும் கோப்பு வகை) இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று கிடைத்தாலும் போதும், பான்டாக் என்ற இலவச மென்பொருள் அதை மற்றொன்றாகவோ வேர்ட் கோப்பாகவோ மாற்றிக் கொடுக்கும். என் போன் செயலியில் இரண்டுமே இல்லை. அதனால் அன்றைக்கு ஒவ்வொரு நிலையத்துக்கும் முன்னால் நானே மூன்று ஹாஷ் போட்டுத் திறந்தேன். லவ்டேல் ஊட்டிப் பகுதிக்குக் கீழே போய் உட்கார்ந்தது.