டேக்ஸ் அபேட்மென்ட்: வரித் தணிப்பு

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஒரு கிராமப்புறக் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) ஆலை விரிவாக்கம் என்று செய்தி வந்தால், முதலீட்டுத் தொகையையும் வேலைகளின் எண்ணிக்கையையும் அடுத்து 'டேக்ஸ் அபேட்மென்ட்' என்ற சொல் வந்துவிடும். தமிழில் இதைப் பெரும்பாலும் 'வரிவிலக்கு' என்று எழுதிவிடுகிறோம். விலக்கு என்றால் வரியே கிடையாது. இது அதுவல்ல.

'அபேட்' என்ற வினை பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அங்கே அதற்கு அடித்து வீழ்த்துதல் என்று பொருள். 'பேட்டில்', 'காம்பேட்' ஆகியவையும் அடிப்பதைக் குறிக்கும் அதே லத்தீன் வேரில் பிறந்தவை. வீழ்த்துவது காலப்போக்கில் குறைப்பது, அடக்குவது என்று ஆயிற்று. இரைச்சலுக்கும் ஆஸ்பெஸ்டாஸுக்கும் 'அபேட்மென்ட்' சொல்வது இந்தப் பொருளில்தான்.

இண்டியானாவில் குறைவது சொத்து வரி, அதிலும் விரிவாக்கத்தால் புதிதாகக் கூடிய மதிப்புக்கு உரிய பகுதி மட்டும். பழைய கட்டடத்துக்கும் நிலத்துக்கும் வரி வழக்கம்போல் உண்டு. கட்டடத்துக்கு நெடுங்காலமாகப் புழங்கும் பத்தாண்டு அட்டவணையில் கழிவு, அதாவது புது மதிப்பில் வரி போடாமல் கழித்துவிடும் பங்கு, 100, 95, 80, 65, 50, 40, 30, 20, 10, 5 சதவீதம் என்று இறங்கும். புதுக் கட்டடத்தின் மதிப்பு 20 லட்சம் டாலர், வரி 2 சதவீதம், இரண்டும் பத்தாண்டும் மாறவில்லை என்று வைத்துக்கொண்டால், முழு வரி ஆண்டுக்கு 40,000 டாலர். முதல் ஆண்டு ஒன்றுமில்லை. இரண்டாம் ஆண்டு 2,000, ஐந்தாம் ஆண்டு 20,000, பத்தாம் ஆண்டு 38,000 கட்ட வேண்டும். பத்தாண்டில் மொத்தம் மிச்சமாவது 1,98,000 டாலர். கட்டியிருக்க வேண்டிய நான்கு லட்சத்தில் பாதிகூட இல்லை. 'பத்தாண்டு வரிவிலக்கு' என்ற தலைப்பு எவ்வளவு தவறு என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

நடைமுறையில் நிறுவனம் முதலில் எஸ்பி-1 என்ற பலன் அறிக்கையைக் கவுண்டி கவுன்சிலிடம் தர வேண்டும். நகர எல்லைக்குள் என்றால் நகர கவுன்சிலிடம். உத்தேசச் செலவு, இப்போதைய ஆட்கள், தக்கவைக்கப்போகும் ஆட்கள், கூடுதலாக எடுக்கப்போகும் ஆட்கள், அவரவர் சம்பளம் எல்லாம் அதில் தனித்தனிக் கட்டங்களில் இருக்கும். கவுன்சில் அந்த இடத்தைப் 'பொருளாதார மீட்புப் பகுதி' என்று அறிவித்துத் தீர்மானம் போடும். நலிந்த நகரப் பகுதிகளை நினைவூட்டும் பெயர்தான். ஆனால் சட்ட வரையறையில் 'வளர்ச்சி இன்மை'யும் ஒரு காரணம் என்பதால், ஊர் ஓரத்துச் சோளக்காடும் இந்தப் பெயரைப் பெற முடியும். பிறகு பத்திரிகை அறிவிப்பு, பொது விசாரணை, உறுதிப்படுத்தும் தீர்மானம். கட்டடம் மதிப்பிடப்பட்ட பின் கவுண்டி ஆடிட்டரிடம் கழிவு கோரித் தனி விண்ணப்பம் தர வேண்டும். இந்த ஆடிட்டர் நம் ஊர்ப் பேச்சில் வரும் கணக்குத் தணிக்கையாளர் அல்ல, வரிப் பதிவேடுகளைப் பராமரிக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட அதிகாரி.

சிக்கல் பெரும்பாலும் வரிசை மாறுவதில்தான். எஸ்பி-1 கொடுக்கும் முன் கட்டுமானத்தைத் தொடங்கினாலோ இயந்திரத்தை நிறுவினாலோ தகுதிக்கே ஆபத்து. 'எங்களுக்கு இந்தச் சலுகை வேண்டும், அதனால்தான் இங்கே விரிவாக்குகிறோம்' என்ற வாதமும் அதோடு போய்விடும். அதே நிறுவனம் இண்டியானாவுக்குள் வேறோர் ஆலையில் ஏற்கெனவே ஓட்டிய இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தால் அது சலுகைக்கு உரிய புதிய இயந்திரம் ஆகாது. அடுத்த தொல்லை ஆள் கணக்கு. தக்கவைக்கும் 40 பேரையும் புதிய 12 பேரையும் கூட்டி '52 வேலைகள்' என்று செய்திக்குறிப்பில் போட்டுவிட்டு, படிவத்தில் 12 என்று எழுதினால், ஊர்க்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள், கவுன்சில் வேறு கணக்கு வைத்திருக்கும். ஒவ்வோர் ஆண்டும் சிஎஃப்-1 இணக்க அறிக்கையில் வாக்குறுதியும் நடந்ததும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். பெருமளவு நிறைவேறவில்லை என்று கண்டால் கவுன்சில் விசாரணை நடத்திக் கழிவை நிறுத்தலாம். சரக்குக்குத் தேவை சரிந்தது போன்ற, நிறுவனத்தின் கைக்கு மீறிய காரணம் என்றால் நிறுத்த முடியாது. கிராமப்புறக் கவுண்டியில் எண்ணிக்கையை அடக்கி எழுதுவதே புத்திசாலித்தனம். வேலை இருந்தும் ஆள் கிடைக்காமல் போவது அங்கே சாதாரணம்.

தமிழில் என்ன சொல்வது? கல்வெட்டுகளில் வரும் 'இறையிலி' அழகான சொல். ஆனால் அது கோயில் முதலானவற்றுக்கு வரி நீக்கிக் கொடுத்த நிலம், அதாவது முழு விலக்கு. தாலுகா அலுவலகங்களில் புழங்கிய 'வஜா' இன்னும் நெருக்கமானது. வருவாய்த்துறை வழியாக அரபு மூலத்திலிருந்து வந்த அந்தச் சொல்லுக்குக் கழித்துவிடுதல் என்று பொருள். ஆயினும் வஜா விளைச்சல் பொய்த்த பிறகு கொடுப்பது, அபேட்மென்ட் முதலீடு வருவதற்கு முன்பே ஒத்துக்கொள்வது. 'தள்ளுபடி' கடனுக்கும் துணிக்கடைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. 'வரி விடுமுறை' வேறு ஏற்பாட்டின் பெயர்.

பொருந்துவது 'வரித் தணிப்பு'. வெயில் தணியும், காய்ச்சல் தணியும், மறுபடி ஏறவும் செய்யும். ஆண்டுதோறும் வரி கொஞ்சம் கொஞ்சமாக முழு அளவை நோக்கி ஏறுவதை இந்தச் சொல் தாங்கும். சட்டப் பிரிவை அப்படியே பெயர்க்கும் இடத்தில் மட்டும் 'மதிப்புக் கழிவு' என்று எழுதலாம், ஏனெனில் இண்டியானா சட்டம் குறைப்பது வரி விகிதத்தை அல்ல, வரி போடும் மதிப்பை. செய்தியில் எழுதும்போது காலத்தையும் பொருளையும் சேர்த்து, 'புதிய கட்டடத்துக்குப் பத்தாண்டு வரித் தணிப்பு' என்று எழுத வேண்டும்.