பயம் வந்தால் விசுவாசம் போய்விட்டதா?

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் உளவளத்துணைக்கு வருகிற கிறிஸ்தவர்களில் பலருக்குப் பயத்தைவிடப் பெரிய பாரம், பயம் வந்துவிட்டதே என்ற வெட்கம். "ஆண்டவரை நம்புறவளுக்கு ஏன் இப்படி நெஞ்சு படபடக்குது?" என்று தாழ்ந்த குரலில் கேட்பார்கள். சபையில் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொன்னால் "விசுவாசம் குறைஞ்சுபோச்சு" என்பார்களே என்ற பயம் வேறு.

நம் பகுதியில் பயத்துக்குக் காரணம் இல்லாத வீடு குறைவு. 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்டவர்கள் இன்றைக்கும் கார்த்திகைக் காற்று பலமாக அடித்தால் எழுந்து உட்காருகிறார்கள். போர், 2004 டிசம்பர் 26 சுனாமி, 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் வெடித்த குண்டு என்று அடுத்தடுத்து வந்தன. முதுகில் பையோடு ஒருவர் ஆராதனைக்குள் நுழைந்தால் வாசலைத் தேடுகிற கண்ணும், பட்டாசுச் சத்தத்துக்கு உறைந்துபோகிற உடம்பும் அவிசுவாசத்தின் அடையாளங்கள் அல்ல. ஆபத்தை ஒருமுறை கற்றுக்கொண்ட மூளை, அதே சாயல் தெரிந்தவுடன் உடம்பைத் தயார்ப்படுத்துகிறது.

திடீர்ப் பதற்றம் வரும்போது நெஞ்சு அடிக்கும், கை குளிரும், மூச்சு முட்டும், செத்துவிடுவோம் போலிருக்கும். பொதுவாக அது 10 நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டு, பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் தானாக இறங்கும். சிக்கல் உச்சத்தில் இருக்கும்போது எழுந்து வெளியே ஓடுவதில்தான் இருக்கிறது. வெளியே போனதும் நிம்மதி வருகிறது. "வெளியே வந்ததால்தான் தப்பினேன்" என்று மூளை பதிந்துகொள்கிறது. அடுத்த ஞாயிறு வாசலிலேயே நடுக்கம் தொடங்கும். அதற்கடுத்த ஞாயிறு வீட்டிலிருந்தே புறப்பட முடியாது. (முதல்முறை நெஞ்சு வலியோ மூச்சுத்திணறலோ வந்தால் பதற்றம் என்று நாமே முடிவுகட்டாமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தைரொயிட், இரத்தசோகை, இதயத் துடிப்புக் கோளாறு ஆகியவையும் இதே மாதிரிக் காட்டும்.)

இந்த இடத்தில் ஜெபம் உண்மையாகவே உதவும், எப்படி ஜெபிக்கிறோம் என்பதைப் பொறுத்து. மூக்கால் 4 எண்ணும் நேரம் மூச்சை உள்ளே இழுத்து, 6 எண்ணும் நேரம் மெதுவாக வெளியே விடுங்கள். இழுக்கும்போது மனதுக்குள் "நான் பயப்படுகிற நாளில்", விடும்போது "உம்மை நம்புவேன்". இது 56ஆம் சங்கீதத்தின் 3ஆம் வசனம். ஒரு தடவைக்கு 5 நிமிடம், காலையும் இரவும், அமைதியாக இருக்கும்போதே பழக வேண்டும். பதற்றம் வந்த பிறகு முதன்முதலாகச் செய்து பார்ப்பவர்களுக்கு இது கைகொடுப்பதில்லை. வேகவேகமாக ஆழ்ந்து மூச்செடுப்பதும் தவறு. இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து தலை சுற்றும், விரல்கள் விறைக்கும். உரத்த சத்தத்தில் இடைவிடாமல் ஜெபிக்கும்போதும் இதே விறைப்பு வரலாம். அதைப் பார்த்து "ஏதோ பிடிச்சிட்டுது" என்று சுற்றி நிற்பவர்கள் கலங்கினால் அவருடைய பயம் இரட்டிப்பாகும்.

ஆலயத்துக்குத் திரும்பிப் போக முடியாதவர்களைப் படிப்படியாகத்தான் கூட்டிப்போக வேண்டும். முதலில் கூட்டமில்லாத ஒரு வார நாள், நம்பிக்கையான ஒருவரோடு, கடைசி வாங்கில். பயத்துக்கு 0 முதல் 10 வரை புள்ளி போடச் சொல்லுங்கள். 8 என்று தொடங்கினால் 4 ஆகும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும், இறங்குமுன் எழும்பக் கூடாது. தொடக்கப் புள்ளியே 3 அளவுக்கு வரும்வரை அதே படியில் பல நாட்கள் நில்லுங்கள். பிறகு ஞாயிறு ஆராதனையின் ஒரு பகுதி, பிறகு முழு ஆராதனை, பிறகு வாசலை விட்டு நடுவரிசை, கடைசியில் துணையில்லாமல். துணைக்கு வருபவர் 5 நிமிடத்துக்கு ஒருமுறை "ஒண்டும் நடக்காது" என்று தேற்றினால் பலன் கெடும். பக்கத்தில் பேசாமல் இருந்தாலே போதும். வந்த முதல் நாளே மேடைக்கு அழைத்துச் சாட்சி சொல்லவைப்பதைப் போதகர்கள் தயவுசெய்து தவிர்க்க வேண்டும்.

சந்தேகத்தை வேறு விதமாகப் பார்க்க வேண்டும். சிறையிலிருந்த யோவான் ஸ்நானகன் "வருகிறவர் நீர்தானா?" என்று ஆள் அனுப்பிக் கேட்டான். காயங்களைக் காணாமல் நம்பமாட்டேன் என்று தோமாவும் சொன்னான். இருவரையும் இயேசு தள்ளிவிடவில்லை. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று மாற்கு 9இல் ஒரு தகப்பன் அழுதது முழுமையான ஜெபம்தான். ஆனால் வேறொரு வகைச் சந்தேகமும் உண்டு: மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேனோ, ஜெபத்தில் ஒரு சொல் பிழைத்துவிட்டதோ என்று ஒரே கேள்வி நாள் முழுக்கத் திரும்பித் திரும்பி வரும். பாவசங்கீர்த்தனம் செய்த மறுநிமிடமே மறுபடி செய்யத் தோன்றும். இது எண்ண சுழற்சி நோயாக (OCD) இருக்கலாம், சிகிச்சைக்குக் கட்டுப்படும். இவர்களுக்குப் போதகரோ பாதரோ ஒருமுறை தெளிவாகப் பதில் சொல்லிவிட்டு, மறுபடி கேட்டால் அன்போடு "இதுக்குப் பதில் சொல்லிட்டன்" என்று நிறுத்த வேண்டும். ஒவ்வொரு அழைப்புக்கும் உறுதி கொடுத்துக்கொண்டிருந்தால் நோய்தான் வளரும்.

உபவாசமும் முழுஇரவு ஜெபமும் எல்லாருக்கும் பொருந்தாது. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் பட்டினியிருந்தால் சர்க்கரை இறங்கி வியர்வை, நடுக்கம், குழப்பம் வரலாம். அதைப் பதற்றம் என்றோ பிசாசு என்றோ எண்ணி ஜெபத்தை நீட்டுவது உயிருக்கே ஆபத்து. நினைவிருந்தால் உடனே சீனி கரைத்த தண்ணீர் கொடுங்கள், நினைவில்லாவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். 1 இராஜாக்கள் 19இல் சாகக் கேட்டுப் படுத்த எலியாவுக்குத் தேவன் முதலில் கொடுத்தது நித்திரை, அப்பம், தண்ணீர். அறிவுரையல்ல.

வைத்தியர் தந்த மருந்தை "சுகமாயிற்று" என்ற வார்த்தையை நம்பி ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். பதற்றத்துக்குக் கொடுக்கப்படும் மருந்துகள் பலவும் பலன் காட்ட 2 முதல் 6 வாரம் எடுக்கும். திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றலும் தூக்கமின்மையும் வந்து பழைய பயம் திரும்பியது போலிருக்கும். குறைப்பதை வைத்தியரே செய்யட்டும்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது, கட்டணம் இல்லை. 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். யாராவது "இனி இருந்து என்ன" என்று பேசத் தொடங்கினால், சாக நினைக்கிறீர்களா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. வயலுக்கு வாங்கிவைத்த கிருமிநாசினிப் போத்தலை வீட்டிலிருந்து அகற்றுங்கள். அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள், ஜெபத்தை வழியில் வாகனத்திலேயே செய்யலாம்.