இரண்டு லட்சம் ஓடிய கார்: எதை முந்திக்கொண்டு மாற்றுவது?

2020இல் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அதனால் திருகோணமலையில் இரண்டு லட்சம் கிலோமீற்றர் தாண்டிய காரையும் விற்காமல் ஓட்டுகிறவர்கள் பலர். அதில் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னால் அது வியாபாரம். தான் உடையும்போது இன்னொன்றையும் உடைக்கும் பாகத்தை மட்டும் முந்திக்கொண்டு மாற்றுங்கள். ஸ்டார்ட்டர், ஓல்டனேற்றர் எல்லாம் முனகத் தொடங்கியபின் பார்த்துக்கொள்ளலாம்.

வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைப்பது டைமிங் பெல்ட். டொயோட்டா டொல்பின் வேனின் 3எல் போன்ற டீசல் எஞ்சினில் அது அறுந்தால் பிஸ்டன் வால்வில் அடிக்கும், எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டை இறக்க வேண்டிவரும். கொரோலா 110இன் 5ஏ எஞ்சினில் வால்வு தப்பும், கார் நகராது. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் நடுவே இரவில் அப்படி நின்றால் யானைதான் துணை. மாற்றும் கணக்கு 100,000 கிலோமீற்றர். ஆனால் றப்பர் ஓடாமல் நின்றாலும் காயும், மீற்றரையும் திருப்பியிருப்பார்கள். கடைசியாக எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கொரோலா 121, விட்ஸ் கார்களில் வரும் 1என்இஸட் எஞ்சினுக்குப் பெல்ட் இல்லை, செயின். ஒயிலை நேரத்துக்கு மாற்றினால் போதும்.

பெல்ட்டைக் கழற்றும் அன்றே பெல்ட்டை இறுக்கும் டென்ஷனர், அது உருளும் ஐட்லர் பெயாரிங், ஒயில் கசியாமல் தடுக்கும் கிராங்க் சீல், கேம் சீல் நான்கையும் மாற்றுங்கள். கூலி ஒன்றுதான். அந்தப் பெல்ட்டே வோட்டர் பம்பையும் சுற்றுமென்றால் பம்பும் சேரும். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வை மறக்க வேண்டாம். அது அடைத்திருந்தால் உள்ளே அமுக்கம் ஏறி, புதுச் சீலாலும் ஒயில் கசியும்.

எஞ்சின்களைத் தின்பது பெரும்பாலும் சூடுதான். ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். அதிலுள்ள உப்பு குழாய்களுக்குள் படிந்து அடைக்கும். கூலன்டும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி. ரேடியேற்றர் மூடியில் அது தாங்கும் அமுக்கம் 0.9 அல்லது 1.1 என்றிருக்கும், அதே எண்ணில்தான் புது மூடி வாங்க வேண்டும். அந்த அமுக்கம் இல்லாவிட்டால் தண்ணீர் முன்னதாகவே கொதிக்கும், அலுமினிய ஹெட் வளையும். ரேடியேற்றரின் பிளாஸ்ரிக் தொட்டி பழுப்பேறினால் வெடிக்கக் காத்திருக்கிறது என்று பொருள்.

"இந்த வெயிலுக்குத் தேமோஸ்டற் எதற்கு?" என்று, சூடேறியதும் ரேடியேற்றருக்கு வழி திறக்கும் அந்த வால்வைக் கழற்றி எறிகிறவர்கள் உண்டு. பல டொயோட்டா எஞ்சின்களில் பைபாஸ் வழியை மூடுவதே அதுதான். அது இல்லாவிட்டால் சூடான நீரில் ஒரு பங்கு ரேடியேற்றருக்குப் போகாமலே திரும்பிவிடும். உங்கள் எஞ்சினுக்குரிய பாகை பொறித்ததை வாங்கிப் போடுங்கள். பழைய சாமான் கடையில் வேண்டாம்.

கூலன்டை நிரப்பும்போது, உள்ளே உள்ள காற்று வெளியேற, மூடி திறந்தபடி, ஹீற்றரைத் திறந்து, ரேடியேற்றர் ஃபேன் இருமுறை ஓடி நிற்கும்வரை எஞ்சினை ஓடவிடுங்கள். மறுநாள் காலை, ஸ்டார்ட் செய்யுமுன், குறைந்ததை நிரப்புங்கள்.