எக்ஸ்ரே எடுத்த பிறகு ஸ்கேன் எதற்கு?

பெங்களூரு ஓசூர் சாலையில் நடந்த கார் விபத்து. முழங்கால் டாஷ்போர்டில் மோதிய வேகத்தில் தொடை எலும்பின் பந்து, இடுப்புக் கிண்ணத்தின் பின்சுவரை உடைத்துக்கொண்டு வெளியே நழுவியிருந்தது. அல்சூரைச் சேர்ந்த இளைஞர். மயக்க மருந்து கொடுத்து மூட்டை உடனே உள்ளே திருப்பி வைத்தோம். 6 மணி நேரத்துக்குள் செய்துவிட வேண்டிய வேலை அது. பிறகு சி.டி. ஸ்கேன் எழுதினேன். "எக்ஸ்ரேயிலேயே உடைந்தது தெரிகிறதே டாக்டர், மறுபடியும் ஏன் செலவு?" என்று அவருடைய அம்மா கேட்டார். கடன் வாங்கி வந்தவர் கேட்க வேண்டிய கேள்விதான்.

கிண்ணத்தை முன்னும் பின்னுமாக இரண்டு எலும்புத் தூண்கள் தாங்குகின்றன. எக்ஸ்ரேயில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துவிடும். பிரான்சின் எலும்பு அறுவை மருத்துவர்களான ழூதே சகோதரர்களும் லெதூர்னெலும் நோயாளியை 45 டிகிரி சாய்த்துப் படமெடுத்து, இந்த முறிவுகளை 10 வகையாக 1964இல் பிரித்தார்கள். இன்றும் நாங்கள் பேசுவது அந்த வகைகளைத்தான். அறுவை சிகிச்சையில் முன்பக்கம் திறப்பதா, பின்பக்கம் திறப்பதா என்பதே வகையைப் பொறுத்தது.

அந்த அம்மாவைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தேன். முப்பரிமாணப் படத்தில் தொடை எலும்பை மட்டும் அழித்துவிட்டு, வெறும் கிண்ணத்தைத் திருப்பிக் காட்டினேன். விளிம்பு உடைந்த சட்டியைப் பார்ப்பதுபோல அவர் வெகுநேரம் பார்த்தார். ஆனால் முப்பரிமாணப் படத்தை மட்டும் நம்பவும் கூடாது. கணினி மேற்பரப்பை வழவழப்பாக்கும்போது மெல்லிய விரிசல்கள் மறைந்துபோகும். குறுக்குவெட்டுப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான், பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே துவரம்பருப்பு அளவு எலும்புத் துண்டு ஒன்று சிக்கியிருந்தது தெரிந்தது. அதை விட்டுவைத்திருந்தால் ஒவ்வோர் அடிக்கும் குருத்தெலும்பை அரைத்திருக்கும்.

என்னை வருத்துவது தாமதம். வலி குறைந்துவிட்டது என்று நாட்டுக்கட்டு போட்டுக்கொண்டு ஒன்றரை மாதம் கழித்து வருகிறார்கள். 3 வாரம் தாண்டினாலே துண்டுகள் கோணலாக ஒட்டத் தொடங்கிவிடும். அவற்றைப் பிரித்துச் சேர்ப்பது பெரும்பாடு. பந்து உருளும் பரப்பில் 2 மில்லிமீட்டருக்கு மேல் மேடுபள்ளம் நின்றால் மூட்டு சீக்கிரம் தேயும் வாய்ப்பு அதிகம்.

கர்ப்பமாக இருப்பவர்கள் ஸ்கேனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். கிருஷ்ணகிரிக்கோ சேலத்துக்கோ போய் இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பதாக இருந்தால், ஃபிலிமோடு நின்றுவிடாமல் குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள். ஃபிலிமில் தேர்ந்தெடுத்த சில படங்கள்தான் இருக்கும். தகடு கையில் இருந்தால்தான் அவரும் அந்தக் கிண்ணத்தைத் திருப்பிப் பார்க்க முடியும்.